புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்: என் கடல்மீன் தொட்டி அனுபவம்

மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் என்ன செய்வது என்று தமிழில் தேடினால் வருகிற யோசனைகள் பெரும்பாலும் நன்னீர் மீனுக்கானவை. ஹீட்டரைக் கூட்டு, கல் உப்பு போடு, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்பார்கள். கப்பி, கோல்டு ஃபிஷ் வளர்ப்பவர்களுக்கு அது சரிதான். கடல்நீர்த் தொட்டியில் வருகிற வெள்ளைப் புள்ளி பார்க்க அதே மாதிரி இருந்தாலும் ஆள் வேறு. நன்னீரில் வருவது இக்தியோப்திரியஸ். கடல்நீரில் வருவது கிரிப்டோகாரியான் இரிடன்ஸ் என்கிற ஒரு செல் ஒட்டுண்ணி. சூட்டைக் கூட்டினால் இது சாகாது, உப்போ அதற்குப் பிறந்த வீடு. இதையெல்லாம் எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. 500 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலர்) மேல் செலவாகி, இரண்டு மீன் போய், இரண்டரை மாதம் வரவேற்பறையில் மீனே இல்லாத ஒரு தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், செங்காங் பக்கம் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில். தொட்டி இரண்டடி நீளம், தண்ணீர் சுமார் 90 லிட்டர். கொஞ்சம் சோவாந்திட் பவளம், இரண்டு மஷ்ரூம் பவளம், ஒரு ஹேமர் பவளம், அவ்வளவுதான். மீன்கள் நான்கு: ஒரு ஜோடி கிளௌன், ஒரு ராயல் கிராமா, பிஸ்டல் இறாலோடு ஒரே வளையில் குடியிருந்த மஞ்சள் வாட்ச்மேன் கோபி. கிளௌன் இரண்டுக்கும் என் மகள் லட்டு, பூந்தி என்று பெயர் வைத்திருந்தாள். நான்கு மீனையும் தொட்டியில் விடுவதற்கு முன் தனியே ஒரு மாதம் வைத்துப் பார்த்துத்தான் விட்டேன். தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் ஓடுகிறது, தண்ணீர் 26 டிகிரி, பாசி குறைவு. பல மாதம் ஒரு தொந்தரவும் இல்லை.

பிறகு கண்ணாடியில் பச்சைப் பாசி படிய ஆரம்பித்ததால் ட்ரோக்கஸ் நத்தை கொஞ்சமும், கூடவே ஆசைக்கு ஒரு சின்னப் பவளத் துண்டும் வாங்கி வந்தேன். மீன் வாங்கினால்தானே தனியே வைக்க வேண்டும், நத்தைக்கு என்ன நோய் வரும் என்பதுதான் பொதுவான நினைப்பு. நத்தைக்கு இந்த நோய் வராது என்பது உண்மை. ஆனால் இந்த ஒட்டுண்ணி தன் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மீனை விட்டு இறங்கி, கல், மணல், கண்ணாடி, நத்தை ஓடு, பவளம் ஒட்டியிருக்கும் சிமெண்ட் வில்லை என்று கெட்டியாக எது கிடைக்கிறதோ அதில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக்கொள்ளும். நான் வாங்கிய கடையில் பவளத் தட்டுகளும் மீன் தொட்டிகளும் ஒரே தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தன. பவளத் தட்டின் மூலையில் ஒரு மஞ்சள் டேங் மீன் நீந்திக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று போட்டோவும் எடுத்தேன். இனிமேல் நத்தையோ பவளமோ வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்: அந்தத் தண்ணீரில் மீன் இருக்கிறதா என்று.

ஒன்றிரண்டு வாரம் கழித்து கிராமா கல்லில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தது. சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து ஒரு உரசு உரசிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி நீந்தும். அடுத்த நாள் காலை விளக்குப் போட்டதும் அதன் ஊதா நிற முதுகில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள், உப்புத் தூள் அளவுக்கு. லட்டுவின் பக்கத் துடுப்பில் இரண்டு. தூத்துக்குடியில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "என்னலே, மீனுக்கு அம்மை போட்டிருக்கா? வேப்பிலை கிடைக்குமா அங்க?" என்று கேட்டார்கள். சிரித்தேன். பிறகு வந்த வாரங்களில் யோசித்தால், எனக்குக் கிடைத்த மற்ற ஆலோசனைகளும் அதே தரத்தில்தான் இருந்தன.

கடை அங்கிள் நல்ல மனிதர், ஏமாற்றுகிறவர் இல்லை. பூண்டுச் சாறு கலந்து தீனி போடு, கிளீனர் இறால் ஒன்று விடு, பவளத்துக்குத் தீங்கில்லாத இந்த மருந்தை ஒரு வாரம் ஊற்று, முடிந்தால் யூவி விளக்கு போடு என்றார். மருந்து 42 வெள்ளி, பூண்டுச் சாறு 18, இறால் 30, யூவி 135. மொத்தம் 225 வெள்ளி. மருந்து ஊற்றிய நான்காம் நாள் கிராமாவின் உடம்பில் ஒரு புள்ளி இல்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், நன்றாக இருந்தது அந்த இரவு.

இந்த இடத்தில்தான் ஊரில் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நாம் பார்க்கிற வெள்ளைப் புள்ளி, ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று கொழுக்கும் கட்டம். அது மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரைதான். வயிறு நிறைந்ததும் தானாகவே கழன்று கீழே விழும், பெரும்பாலும் இருட்டில். மீனில் புள்ளி போய்விடும். ஒரு சொட்டு மருந்து ஊற்றாவிட்டாலும் போய்விடும். கீழே விழுந்தது சில மணி நேரம் ஊர்ந்து, ஓரிடத்தில் ஒட்டி, மேலே ஓடு கட்டிக்கொண்டு உள்ளே இரண்டு நான்காகப் பிரிந்துகொண்டே இருக்கும். சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் கூடு திறந்து, ஒன்று விழுந்த இடத்திலிருந்து நூற்றுக்கணக்கில் வெளியே வரும். அந்தக் குட்டிகளுக்கு ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் செத்துப்போகும். நடுக்கடலில் பெரும்பாலானவை அப்படித்தான் சாகின்றன. இரண்டடித் தொட்டியில் அவை தேட வேண்டிய அவசியமே இல்லை. கூடு திறப்பதும் பெரும்பாலும் விடியற்காலை இருட்டில், மீன் கல்லை ஒட்டித் தூங்குவதும் அதே நேரத்தில், அதே மூலையில்.

ஆகவே புள்ளி மறைந்த நான்காம் நாள் என்பது அடுத்த சுற்று தயாராகிக்கொண்டிருந்த நாள். மருந்து விற்பவருக்கு இதைவிட வசதியான நோய் கிடையாது. எந்தத் தண்ணீரை பாட்டிலில் அடைத்துக் கொடுத்தாலும் நான்காம் நாள் பலன் தெரியும்! கிளீனர் இறாலை எடுத்துக்கொண்டால், ஒட்டுண்ணி இருப்பது தோலுக்கு அடியில், அதன் கை அங்கே எட்டாது. பூண்டு வாசனைக்கு மீன் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், அதோடு சரி. யூவி முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். அதன் வழியாகப் போகிற குட்டிகள் சாகும். ஆனால் கல்லிலிருந்து கிளம்பி அரை அடி தள்ளித் தூங்குகிற மீனுக்குப் போகிறது யூவி குழாய் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாது.

அடுத்த வாரம் புள்ளிகள் திரும்பி வந்தன, இந்த முறை எண்ண முடியாத அளவுக்கு. நான்கு மீனிலும். கிராமா, தண்ணீரைச் சுழற்றுகிற பவர்ஹெட் பம்பின் நீரோட்டத்துக்கு நேரே முகத்தைக் கொடுத்து நின்றது, செவுள் படபடவென்று அடித்தது. மூச்சு எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு நூறுக்கு மேல். உடம்பில் உள்ள புள்ளியைவிட இந்த எண்ணிக்கைதான் முக்கியம் என்பது அப்போது தெரியாது. மீன் சாவது செவுளில் ஏறியதால், அது நம் கண்ணுக்குத் தெரியாது. தினமும் தீனி போடும்போது செல்பேசியில் கடிகாரத்தை வைத்து அரை நிமிடம் எண்ணுங்கள். நோயில்லாத நாளில் உங்கள் மீனுக்கு எவ்வளவு என்று தெரிந்திருந்தால்தான் நோய் வந்த நாளில் வித்தியாசம் தெரியும்.

மூச்சு வாங்குகிறது, நீரோட்டத்தில் நிற்கிறது, வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்குகிறது என்றால் வெல்வெட் நோயாகவும் இருக்கலாம். அது அமைலூடினியம் என்கிற வேறொரு ஒட்டுண்ணி. புள்ளி மாவுத் தூள் மாதிரி மிகப் பொடியாக இருக்கும், சில சமயம் புள்ளி தெரிவதற்குள் மீனே போய்விடும். வெள்ளைப் புள்ளி வாரக்கணக்கில் கொல்லும், வெல்வெட் நாள் கணக்கில். கிளௌன் மீன் வாங்கிய புதிதில் உடம்பெல்லாம் சளி படர்ந்து தோல் உரிகிற மாதிரி வந்தால் அது மூன்றாவது ரகம், புரூக்ளினெல்லா. அதற்குக் காப்பர் (செம்பு கலந்த மருந்து) வேலை செய்யாது, ஃபார்மலின் குளியல்தான். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. எனக்கு அந்த இரவு வெள்ளைப் புள்ளியா வெல்வெட்டா என்று உறுதியாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் பொதுவாகக் கேட்பது காப்பர் என்பதால் அதையே எடுத்தேன். உப்படர்த்தியை 1.009-க்குக் குறைத்து வைக்கிற முறையும் உண்டு, அது வெள்ளைப் புள்ளிக்கு மட்டும், வெல்வெட்டை ஒன்றும் செய்யாது.

காப்பரைப் பவளம் இருக்கிற தொட்டியில் ஊற்றவே கூடாது. பவளம், இறால், நத்தை எல்லாம் செத்துவிடும். கல்லும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அந்தக் கல்லை நம்பி இறால் விட முடியாது. ஆகவே மீனைத்தான் வெளியே எடுக்க வேண்டும். சொல்ல எளிது. பவளத் தொட்டியில் வலையை விட்டு மீன் பிடிக்க முயன்றவர்களுக்குத் தெரியும். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தேன். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் வைத்து, ஹேமர் பவளத்தில் ஒரு தலை உடைந்து, தண்ணீர் சேறாகி, தரையெல்லாம் உப்பு. மனைவி துண்டோடு வந்து நின்று, "ஏங்க, நாளைக்கு ஈரச் சந்தைக்குப் போனா இந்தக் காசுக்கு எத்தனை கிலோ வஞ்சிரம் வரும் தெரியுமா?" என்றாள். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளௌன் இரண்டும் சுலபமாக வந்தன. கிராமாவைப் பிடிக்கும்போதே அது தளர்ந்திருந்தது, விடிவதற்குள் போய்விட்டது. கோபி இறால் வளைக்குள் போனது போனதுதான்.

மீன் பிடிக்க எளிய வழி ஒன்று பிறகு கற்றுக்கொண்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பக்கத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, உள்ளே இரண்டு மைசிஸ் (தீனிக்கான குட்டி இறால்) போட்டுத் தொட்டியில் படுக்க வைத்துவிட வேண்டும். மற்றபடி தீனி போடக் கூடாது. கோபி அப்படித்தான் இரண்டு நாள் கழித்து வந்தது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் ஹேமரின் தலை உடைந்திருக்காது. இன்னொரு விஷயம்: தொட்டியைக் காலியாகப் போடுகிற கணக்கு, கடைசி மீன் வெளியே வந்த நாளிலிருந்துதான் தொடங்கும். ஒரு மீன் உள்ளே இருந்தாலும் ஒட்டுண்ணிக்கு அது போதும். இந்த மீன் பாவம், புள்ளியே இல்லையே, அது அங்கேயே இருக்கட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மருத்துவத் தொட்டிக்குக் கண்ணாடித் தொட்டி வேண்டியதில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி 19 வெள்ளிக்குக் கிடைத்தது. ஏர் பம்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் 25, காப்பர் 40, அமோனியா காட்டும் வில்லை 15, காப்பர் அளக்கும் ஹன்னா மீட்டர் 95. ஒளிந்துகொள்ள பிவிசி முழங்கைக் குழாய். கல் கூடாது, மணல் கூடாது, ஃபில்டரில் போடுகிற கரி கூடாது. பெட்டியின் அடியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம். ஒரு குடுவையால் அளந்து ஊற்றி, 40 லிட்டர் வந்த இடத்தில் மார்க்கரால் கோடு போட்டேன். அந்தக் கோடு பிறகு பல தடவை காப்பாற்றியது. சிங்கப்பூர் வெக்கையில் அந்தப் பெட்டிக்குச் சில்லர் இல்லை, சின்ன விசிறி மட்டும். விசிறி ஓடினால் தண்ணீர் ஆவியாகும், ஆவியாகிறபோது உப்பும் காப்பரும் அப்படியே தங்கி இரண்டின் அடர்த்தியும் ஏறும். கோடு வரைக்கும் வெறும் ஆர்ஓ (உப்பு நீக்கிச் சுத்திகரித்த) தண்ணீர் விட்டு நிரப்பினால் இரண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதே தண்ணீரை வெளியே எடுத்து மாற்றும்போது மட்டும், புதிதாக ஊற்றுகிற உப்புத் தண்ணீரில் முன்கூட்டியே அதே அளவு காப்பர் கலந்து ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் அளவு சரிந்து, ஒட்டுண்ணிக்கு இடைவேளை கிடைத்துவிடும்.

காப்பரில் இரண்டு வகை இருக்கிறது, குழப்பிக்கொண்டால் ஆபத்து. காப்பர் பவர் மாதிரி கட்டுண்ட வகையில் சிகிச்சை அளவு 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டரைப் பங்கு). கியூப்ரமின் வகையில் 0.5 பிபிஎம். ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் மீன் அன்றைக்கே சாகும், அல்லது ஒட்டுண்ணி சுகமாக இருக்கும். நான் முதல் வகையை எடுத்து, ஒரே மூச்சில் ஊற்றாமல் இரண்டு நாளில் படிப்படியாக 2.5-க்கு ஏற்றினேன். அளவு எட்டிய நாளிலிருந்து 30 நாள், நடுவில் ஒரு நாள்கூடக் கீழே இறங்கக் கூடாது. காப்பர் கொல்வது நீந்துகிற குட்டிகளை மட்டும்தான், தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. அதனால்தான் அத்தனை நாள். நிறம் பார்த்துச் சொல்கிற மலிவான சோதனைக் குப்பிகளில் 2-க்கும் 2.5-க்கும் வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த மொத்தக் கதையில் நான் கொடுத்ததிலேயே மதிப்புள்ள காசு மீட்டருக்குக் கொடுத்த 95 வெள்ளி. வாங்கும்போது காப்பரின் உயர் அளவுக்கான மாடலா என்று பார்த்து வாங்குங்கள், தாழ் அளவு மாடலும் அதே மாதிரி பெட்டியில்தான் இருக்கும்.

பூந்தியை வெள்ளைப் புள்ளி கொல்லவில்லை, அமோனியா கொன்றது. புதுப் பெட்டியில் கழிவைச் சிதைக்கிற பாக்டீரியா கிடையாது. பாட்டில் பாக்டீரியா ஊற்றினேன், காப்பர் இருக்கிற தண்ணீரில் அது மெதுவாகத்தான் பிடிக்கிறது. கடல்நீரின் பிஹெச் 8-க்கு மேல் இருப்பதால் கொஞ்சம் அமோனியாகூட நன்னீரைவிட அதிகமாக விஷமாகும். முதல் வாரத்திலேயே ஒரு நாள் அலுவலகத்திலிருந்து தாமதமாக வந்தபோது வில்லை மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியிருந்தது, பூந்தி மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. புதிய உப்புத் தண்ணீர் கலந்து தயாராவதற்குச் சில மணி நேரம் ஆகும். அந்தச் சில மணி நேரம் அதற்கு இல்லை. மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காலையில்தான் சொன்னேன். "லட்டுவுக்கு இனிமே யாருப்பா?" என்று கேட்டாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து 20 லிட்டர் கேனில் கலந்த உப்புத் தண்ணீர் எப்போதும் கைவசம் இருக்கிறது. அமோனியாவை நீக்குகிற நீர் திருத்தி இருக்கிறதே, அதை ஊற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படிப்பட்ட சில திருத்திகள் காப்பரின் வேதி நிலையை மாற்றி, அதே அளவிலேயே மீனுக்குக் கடும் விஷமாக்கிவிடும். மருந்து லேபிளை முழுக்கப் படிக்காமல் இரண்டையும் சேர்க்காதீர்கள். இதே காரணத்தால் பெட்டிக்குக் குழாய்த் தண்ணீரும் சரிப்படாது. இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கிறது, அதைப் போக்க திருத்தி ஊற்ற வேண்டும், ஊற்றினால் காப்பரோடு தகராறு. ஆர்ஓ தண்ணீர்தான் வழி. முன்யோசனைக்கு இன்னொன்று: பெரிய தொட்டியின் பின்னறையில் எப்போதும் ஒரு உபரி ஸ்பாஞ்சைப் போட்டு வையுங்கள். தேவைப்படுகிற இரவில் அதை எடுத்து மருத்துவப் பெட்டியில் போட்டால் பாக்டீரியா ஏற்கெனவே அதில் குடியிருக்கும். காசு செலவில்லாத காப்பீடு அது.

பெரிய தொட்டி காலியாக இருந்த காலம் தனிக்கதை. சில கூடுகள் 72 நாள் வரைகூடக் கழித்துத் திறந்ததாகப் பதிவு இருப்பதால், மீன் இல்லாமல் 76 நாள் விட வேண்டும் என்பது பவளத் தொட்டிக்காரர்களிடையே வழக்கமான கணக்கு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் சுழற்சி வேகமாக முடியும், 45 நாள் போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. இவ்வளவு பட்ட பிறகு முப்பது நாளை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறேன் என்று 76-ஐயே வைத்துக்கொண்டேன். வலை, ஸ்பூன், கை எல்லாம் இரண்டுக்கும் தனித்தனி. பெட்டியை இன்னொரு அறைக்கு மாற்றினேன், ஒரு சொட்டு ஈரம் தெறித்தால்கூடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்பதால். மீன் இல்லை என்று தீனியை நிறுத்தினால் இன்னொரு வம்பு வரும். எனக்கு வந்தது. கழிவு இல்லாமல் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கி, மணல் மேல் பழுப்பு நிறத்தில் வழவழவென்று, நுனியில் காற்றுக்குமிழோடு ஒரு படலம் வந்தது. டைனோஃபிளாஜெல்லேட் என்கிற நுண்ணுயிர். மீதியிருந்த ஹேமர் அதில் சுருங்கிவிட்டது. தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மைசிஸ் போட ஆரம்பித்த பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. பிஸ்டல் இறாலுக்கும் அதுவே சாப்பாடு. கோபி இல்லாமல் அது வளை வாசலுக்கே வராது, ஸ்பூனால் உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

நோயோடு வாழப் பழகலாம், நல்ல தீனி போட்டு யூவி ஓடவிட்டால் மீனுக்கே எதிர்ப்பு சக்தி வரும் என்று ஒரு கட்சி இருக்கிறது. பிழைத்த மீனுக்குச் சில மாதம் ஓரளவு எதிர்ப்பு வருவது உண்மைதான். 500 லிட்டர் தொட்டிக்காரர்கள் அப்படி ஓட்டுகிறார்கள், நான் மறுக்கவில்லை. இரண்டடித் தொட்டிக்கு அது சரிப்பட்டு வராது என்பது என் முடிவு. ஒரு நாள் சில்லர் நின்றாலோ, புது மீன் ஒன்று வந்தாலோ மறுபடி ஆரம்பிக்கும்.

30 நாள் முடிந்ததும் தண்ணீர் மாற்றியும் கரி போட்டும் காப்பரை வெளியேற்றி, மீதி நாளை லட்டுவும் கோபியும் சும்மா அந்தப் பெட்டியிலேயே கழித்தன. லட்டு கோபியை விரட்டியதால் நடுவில் பிளாஸ்டிக் கூடையின் அடித்தட்டை வெட்டித் தடுப்பு வைத்தேன். இரண்டும் இப்போது பெரிய தொட்டியில் நலம். கிளௌன் ஜோடியில் பெரியது பெண், சின்னது ஆண். பெண் மிஞ்சியிருந்தால் அதைவிட நன்றாகச் சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்ததைத் தேடி வாங்கியிருக்கிறேன். அது இப்போது அதே 19 வெள்ளிப் பெட்டியில் காப்பர் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறது. பாதிக்கு மேல் ஆகிவிட்டது, மைசிஸ் நன்றாகத் தின்கிறது. புது நத்தைகள் சமையலறை ஜன்னலோரம் மீனில்லாத ஒரு சின்னத் தொட்டியில் 76 நாளை எண்ணுகின்றன. நத்தைக்கெல்லாம் தனி வீடா என்று மனைவி கேட்டுவிட்டாள்.

இன்றைக்கு உங்கள் மீனில் புள்ளி பார்த்துவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், கடைக்கு ஓடாதீர்கள். முதலில் மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு நூறுக்குக் கீழே இருந்து மீன் தின்கிறதென்றால் உங்களுக்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் இருக்கிறது: இன்றிரவு உப்புத் தண்ணீர் கலக்கப் போடுங்கள், நாளைக்குப் பெட்டியும் காப்பரும் மீட்டரும் வாங்குங்கள், பாட்டில் பொறியை வையுங்கள். நூறைத் தாண்டிவிட்டால் இன்றிரவே பிடித்தாக வேண்டும், கல் கலைந்தாலும் பரவாயில்லை. சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் மீட்டருக்காகக் காசு போட யோசித்தால் என்னிடம் கேளுங்கள், இரவல் தருகிறேன். ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் போடுகிற ரீஏஜென்ட் பொட்டலம் மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், அது தீர்ந்துகொண்டே இருக்கிறது.